பிள்ளைக நே

கஜேந்திரனுக்குத் தெரிந்த சிங்களம் டவுனில் மரக்கறி வாங்கவும், பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லவும், வழியில் யாராவது மறித்தால் அடையாள அட்டையை நீட்டவும் போதுமானது. அதற்கு மேல் போனால் கைவசம் ஒரே பதில்தான் வைத்திருந்தான்: "ஹரி சேர்." யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிச் சரி ஐயா என்று இதைச் சொல்லிவிட்டால் போதும், மலைநாட்டில் ஒரு மனிதன் பெரிய வம்பில்லாமல் காலத்தை ஓட்டிவிடலாம். அவனும் தேயிலை பெக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டு அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று காலை வார்டில் பெரிய டாக்டர் அவன் கட்டிலருகே நின்று சொன்னதற்கும் "ஹரி சேர்" என்றுதான் சொன்னான். சொன்ன பிறகுதான் அவர் பேசியது காதுக்குள் இறங்கியது.

டாக்டர் சொன்னது சொற்பம்தான். "ரிப்போட் எக ஆவா," என்றார். ரிப்போட் வந்துவிட்டது. அது புரிந்தது. அடுத்து, "பிள்ளைக நே," என்றார். நே என்றால் இல்லை என்று தோட்டத்தில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். பிள்ளைக என்பது அவனுடைய சொந்தத் தமிழ். சிங்கள டாக்டர்கள் தமிழ் நோயாளியிடம் பேசும்போது தங்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றிரண்டைப் பெருமையாக நடுவில் போட்டுப் பேசுவார்கள். அப்படித்தான் இதையும் போட்டிருக்கிறார், பாவம், இவனுக்குப் புரியட்டும் என்று. பிறகு சிரித்த முகத்தோடு தோளில் தட்டி, "பய வென்ன எப்பா," என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பயப்படாதே என்கிறார். ஆஸ்பத்திரியில் ஒருவர் வந்து பயப்படாதே என்று சொன்னால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள். ஒன்றுமில்லாதவனிடம் யார் வந்து இதைச் சொல்கிறார்கள்?

கல்யாணமாகி ஐந்து வருஷமாகிறது. பிள்ளை இல்லை. இனியும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்குத் தனுஜா சோற்றுப் பாத்திரத்தோடு வருவாள். வந்ததும் முதல் கேள்வியே "டாக்டரு என்னா சொன்னாரு?" என்பதுதான். தினமும் அதுதான் முதல் கேள்வி. இன்றைக்கு அதற்கு என்ன பதில் சொல்வது?

விஷயம் பீலியில், லயத்துக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயடியில், தொடங்கியது. வேலை முடிந்து குளிக்கும்போது வலது பக்க விதையில் சின்னதாய், கெட்டியாய் ஏதோ தட்டுப்பட்டது. வலியில்லை. வலித்திருந்தால் அன்றே தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடியிருப்பான். வலிக்காத காரணத்தால் விட்டுவிட்டான். இந்த விஷயத்தில் நம் ஆண்பிள்ளைகளின் புத்தி அப்படி. கால் விரலில் முள் குத்தினால் லயத்து வரிசை வீடுகளெல்லாம் கேட்கக் கத்துவார்கள், இந்த இடத்தில் கட்டி வந்தால் கட்டிக்கே தெரியாமல் மறைப்பார்கள். அது வளர்ந்து, விறகு தூக்கும்போது கனமாய் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு மழை நாளில், சுவரைப் பார்த்துக்கொண்டே, தனுஜாவிடம் சொன்னான்.

தனுஜா கட்டுநாயக்கவில் கார்மன்ட்ஸ் தையல் பெக்டரியில் வேலை பார்த்தவள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அவனை மறைப்புக்குப் பின்னால் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அவன் சாரத்தைக் கட்டிக்கொண்டு எழுந்து வருவதற்குள் டாக்டர் அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டுப் பேசி முடித்திருந்தார். வெளியே வந்தபோது அவள் முகம் செத்துப் போயிருந்தது.

"கட்டி ஒன்னு இருக்காமுங்க. அந்தப் பக்கத்த எடுத்துடணுமாம். எடுத்துட்டா சரியாயிருமாம்," என்றாள்.

"வேற என்னா சொன்னாரு?"

"வேற ஒன்னுமில்ல."

அந்த முகத்தைப் பார்த்தவன் மேலே கேட்கவில்லை. ஏற்கனவே பிள்ளை இல்லை. இப்போது இருப்பதிலும் பாதி போகப் போகிறது. பெண்ணாகப் பிறந்தவள் முகம் சாகாமல் என்ன செய்யும் என்று அவனாகவே கணக்குப் போட்டுக்கொண்டான். அந்த நாளிலிருந்து அவள் மாறிப்போனாள். வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தாள். மாரியம்மன் கோயிலில் ஈரச் சேலையோடு சுற்றினாள். பக்கத்துக் காம்பரா வீட்டில் பிள்ளை பிறந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரவில் அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எல்லாம் பிள்ளைக்காகத்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

ஆப்பரேஷன் முடிந்தது. வெட்டி எடுத்ததைக் கண்டிக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனான். போன இடத்தில் தையல் சீழ் வைத்து, காய்ச்சல் அடித்து, மறுபடியும் அதே வார்டுக்கு வந்து சேர்ந்தான். தினமும் காலையில் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும்.

அந்த வார்டில் தமிழ் பேசும் தாதி ஒருத்திதான். கந்தப்பளைப் பக்கத்து ஜெனிதா மிஸ். கழுத்தில் சின்னச் சிலுவை, நடையில் வேகம், குரலில் மட்டும் அவசரமே இருக்காது. ஆப்பரேஷனுக்கு முதல் நாள் அவள்தான் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விளக்கினாள்.

"அண்ணே, நாளைக்கு அந்த இடத்துல முடியெல்லாம் எடுப்போம். அடிவயித்துல இந்த இடத்துலதான் வெட்டுவாங்க, கீழ இல்ல. முடிஞ்சதும் கீழ வீங்கும். துவாய மடிச்சு அடியில வச்சு ஒசத்தி வைப்போம், அப்ப வலி கொறையும். இருமல் வந்தா தையல கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க. கூச்சப்பட ஒன்னுமே இல்ல. இந்த வார்டுல எல்லாருக்கும் இதே பாடுதான்."

அவள் அந்த உறுப்புகளின் பெயரைப் பச்சைத் தமிழில், அரிசி பருப்பு என்று சொல்வதுபோல, சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள். கஜேந்திரன் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டான். தங்கச்சி வயசு. தன் பாஷை. நாளைக்குக் கோயில் திருவிழாவில் எதிரே வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? மறுமுறை அவள் துவாயோடு வந்தபோது வாயைத் திறந்துவிட்டான்.

"மிஸ், தப்பா நெனைக்காதீங்க. நீங்க வேணாம். அந்த அசேல மாத்தயா வரட்டும்."

அசேல சிங்களத் தாதி, ஆண்; மாத்தயா என்றது ஐயா என்ற மரியாதைக்கு. அவனிடம் கஜேந்திரனுக்கு வெட்கம் வரவில்லை. வெட்கமும் பாஷை தெரிந்த இடத்தில்தான் வரும்போலிருக்கிறது. ஜெனிதா கோபித்துக்கொள்ளவில்லை.

"சரிண்ணே. அசேலயே கட்டட்டும். ஆனா எதுவும் கேக்கணும்னா என்னையக் கேளுங்க. மனசுல போட்டு வச்சுக்கிட்டு இருக்காதீங்க."

அதற்குப் பிறகும் அவள் காய்ச்சல் பார்க்க வருவாள். "மத்தப் பக்கம் வலிக்குதா? வீக்கமா இருக்கா?" என்று கேட்டு முடிப்பதற்குள் இவன் "இல்ல மிஸ்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வான். இன்று காலை டாக்டர் சுற்றி வந்த நேரம் பார்த்து அவள் வேறொரு நோயாளியோடு ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போயிருந்தாள். இவனும், நல்லவேளை அந்த மிஸ் இல்லை என்றுதான் முதலில் நினைத்தான்.

பக்கத்துக் கட்டிலில் மூக்கன். சலம் போக முடியாமல் வந்து, குழாய் போட்டு, பையைக் கட்டிலோரம் தொங்கவிட்டுக் கொண்டு படுத்திருக்கும் பெரியவர். இளவயதில் வலப்பனையில் கூலி வேலை பார்த்ததால் தனக்குச் சிங்களம் கரைத்துக் குடித்த பாடம் என்று சொல்லிக்கொள்வார். வெட்டி எடுத்ததை எதற்குக் கண்டிக்கு அனுப்புகிறார்கள் என்று முன்பு கஜேந்திரன் கேட்டபோதும் அவர்தான் தயங்காமல் சொன்னார்: "வேற எதுக்கு தம்பி, பிள்ள பெறத் தகுதி இருக்கா இல்லையான்னு பாக்கத்தான்." அன்றைக்கு விழுந்த பயம்தான், இன்று ரிப்போட் வடிவில் வந்து நிற்கிறது.

"மாமா," என்று மெதுவாகக் கூப்பிட்டான். "டாக்டரு என்கிட்ட சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

மூக்கன் கூரையைப் பார்த்தார். "கேட்டுச்சு."

"என்னான்னு கேட்டுச்சு?"

"நீ கேட்டதுதான் தம்பி. என் வாயால எதுக்கு."

"பிள்ளைக நே ன்னாரு."

"ஆமா. எனக்கும் அப்டித்தான் கேட்டுச்சு." பிறகு, ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்: "மனச விட்டுறாத. எனக்கு ஏழு பிள்ள. இந்த மூத்திரப் பையத் தூக்கிக்கிட்டு நடக்க ஏழுல ஒன்னாவது வந்துச்சா, சொல்லு."

ஆறுதலாக இல்லை. காதில் தப்பாக விழுந்திருக்கும் என்று ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்ச நம்பிக்கையையும் பெரியவர் துடைத்துப் போட்டுவிட்டார்.

அசேல தட்டோடு வந்தான். சாரத்தை விலக்கி, பழைய கட்டை நனைத்து நனைத்து, தோல் இழுபடாமல் எடுத்தான். மென்மையான கை. வலிக்கும் இடம் வரும்போது தானே முகத்தைச் சுளித்துக்கொள்வான். இவனிடம் கேட்டுவிடலாமே என்று கஜேந்திரனுக்குத் தோன்றியது. சிங்களத்தில் பிள்ளைகளுக்கு லமயி என்பது தெரியும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, முனகினான்.

"மாத்தயா... மட்ட... லமயி?"

எனக்கு, பிள்ளைகள்? அவ்வளவுதான் அவனால் முடிந்தது. அசேல நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த இடுக்கியால் வார்டு வாசலைக் காட்டித் தலையை அசைத்தான்.

"லமயி பே, பே. இன்பெக்சன்."

பே என்றால் முடியாது. இன்பெக்சன் என்பது இந்தச் சீழ். கஜேந்திரன் தலையணையில் தலையைப் போட்டான். ஒன்றை டாக்டர் எடுத்தார், மிச்சமிருந்ததைச் சீழ் தின்றுவிட்டது. வாசலைக் காட்டியது எதற்கு என்பதுகூட அவனுக்குத் தெளிவாகப் பட்டது: வழி அடைந்துவிட்டது, இனி போகலாம்.

"ஹரி," என்றான். "ஹரி மாத்தயா."

மத்தியானம் நெருங்க நெருங்க அவனுக்குப் பயம் உடம்பு முழுக்கப் பரவியது. தனுஜா தன்னை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தான். அவள் அம்மா ஏற்கனவே ஜாடைமாடையாகப் பேசுகிறவள். மகளை அழைத்துக்கொண்டு போக ஒரு காரணம் கிடைத்தால் விடமாட்டாள். பிறகு, தனுஜா போகமாட்டாள் என்று பயந்தான். அது இன்னும் மோசமாக இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, அந்தச் செத்த முகத்தோடு, லயத்தில் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, காலம் முழுவதும் அவனோடு இருந்துவிடுவாள். ஒரு நாளும் ஒரு வார்த்தை குத்திச் சொல்ல மாட்டாள். சொல்லாமலே இருப்பவளோடு எப்படி வாழ்வது?

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். சொல்லக் கூடாது என்று முடிவு செய்தான். தண்ணீர் குடித்தான்.

ஜன்னல் வழியாகக் கீழே ஆஸ்பத்திரி ஏற்றம் தெரியும். கூட்டத்தோடு குடையைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி வந்தாள். கையில் சோற்றுப் பை. மற்றவர்களை முந்திக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க வந்தாள். தினமும் இப்படித்தான் ஓடி வருகிறாள் போலிருக்கிறது. அவன் இன்றுதான் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு என்ன வந்ததோ, செருப்பைக்கூடப் போடாமல், தையலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, வார்டின் பின்பக்கக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். முப்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை, பெக்டரியில் ஆளுயர விறகைத் தூக்கி எறிகிறவன், பெண்டாட்டிக்குப் பயந்து கக்கூஸில் ஒளிந்திருந்தான். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அவன் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை.

இதற்கிடையில் துப்புரவுக்காரர் வந்து அவன் கட்டிலின் விரிப்பை உருவிக்கொண்டு போனார், சீழ் பட்டிருந்ததால். மெத்தையையும் சுருட்டித் தலைமாட்டில் வைத்துவிட்டார். கழுவிய கட்டில், காலி. மூக்கன் தூங்கிவிட்டிருந்தார்.

கழிப்பறைக்குள் இருந்தவனுக்குத் தனுஜாவின் குரல் கேட்டது. முதலில் அது அவள் குரல் என்றே தெரியவில்லை. அவளுக்கு வராத சிங்களம் இல்லை, ஆனால் இப்போது சொற்கள் அவள் வாயில் தடுக்கி விழுந்தன.

"மகே மாத்தயா கோ? மே எந்தே இட்டப்பு... மகே மாத்தயா கோ?"

என் புருஷன் எங்கே, இந்தக் கட்டிலில் இருந்தவர் எங்கே என்று யார் யாரிடமோ கேட்கிறாள். யாரோ தெரியாது என்கிறார்கள். அவள் மறுபடி கேட்கிறாள். அந்தக் குரலில் இருந்த பயம் அவனுடைய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவன் தாழ்ப்பாளைத் திறந்தான்.

அவனைக் கண்டதும் தனுஜா கையிலிருந்த பையைத் தரையில் போட்டுவிட்டு வந்து அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"எங்க போனீங்க? மெத்தையெல்லாம் சுருட்டி வச்சுருக்கே. எங்கங்க போனீங்க?"

"கக்கூஸுக்குத்தான்."

"சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்றவள் சுருட்டிய மெத்தைக்குப் பக்கத்தில், வெறும் இரும்பின் மேல் உட்கார்ந்தாள். கொஞ்சம் மூச்சு வந்ததும் வழக்கமான கேள்வி வந்தது. "டாக்டரு வந்தாரா? என்னா சொன்னாரு?"

காலிக் கட்டிலையே தாங்காதவள் இதை எப்படித் தாங்குவாள்? ஆனால் பொய் சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை.

"ரிப்போட் வந்துருச்சு."

அவள் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச இரத்தமும் வடிந்தது. "ஒங்ககிட்டயேவா சொன்னாரு?"

"ம்."

"ஜெனிதா மிஸ் கூட இருந்தாங்களா?"

"இல்ல. எனக்குத்தான் வெளங்குச்சே. மூக்கன் மாமாவும் கேட்டாரு. அசேல மாத்தயாட்டயும் கேட்டேன்." கீழே குனிந்துகொண்டான். "தனு, நான் ஒன்னு சொல்றேன். நீ ஒங்கம்மா வீட்டுக்குப் போறதுன்னா போ. நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஒனக்கு வயசிருக்கு."

"என்னா சொன்னாரு, அத மொதல்ல சொல்லுங்க."

"ஒன்னைய நான் குத்தம் சொல்ல மாட்டேன்னுதான்..."

"ஐயோ, சொல்லுங்களேன். எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"பிள்ளைக நே ன்னுட்டாரு."

அவள் அவனையே பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. கண்கள் மட்டும் விரிந்துகொண்டே போயின.

"என்னாது?"

"நமக்குப் பிள்ளைக இல்லையாம் தனு."

"நீங்க வெளங்கிக்கிட்டத சொல்லாதீங்க. அவரு சொன்னத சொல்லுங்க. அவரு வாய்ல எப்டி வந்துச்சோ அப்டியே சொல்லுங்க."

"ரிப்போட் எக ஆவா. பிள்ளைக நே. பய வென்ன எப்பா."

"பிள்ளைகவா? பிளிகாவா?" என்றாள் தனுஜா. ஒவ்வொரு எழுத்தாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். "பி... ளி... கா. அப்டியா சொன்னாரு? நல்லா யோசிங்க."

அவன் டாக்டரின் வாயை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தான். "அப்டித்தான். அவங்களுக்குத் தமிழ் சரியா வராதுல்ல, அதான் இழுத்துச் சொன்னாரு..."

அவன் முடிக்கவில்லை. அவள் எழுந்து ஓடினாள். வார்டு வாசலில் அப்போதுதான் தியேட்டரிலிருந்து திரும்பியிருந்த ஜெனிதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். ஜெனிதா மேசைக்குப் போய், இவனுடைய தாள்களைப் புரட்டிப் பார்த்து, தலையை மேலும் கீழும் ஆட்டினாள். தனுஜா அங்கேயே, மேசைக்கு முன்னால், தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

கஜேந்திரனுக்கு உலகம் முடிந்தது. தாளைப் பார்த்தே உறுதியாகிவிட்டது. அவன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெனிதா தனுஜாவைத் தூக்கி நிறுத்தி, தோளில் கை போட்டு அவனிடம் கூட்டி வந்தாள். தனுஜாவின் முகம் நனைந்திருந்தது. ஆனால் கிளினிக்குக்குப் போன அந்த நாளிலிருந்து அவன் பார்க்காத ஒன்று அதில் இருந்தது. உயிர் இருந்தது.

"அது தமிழில்லீங்க," என்றாள். "சிங்களம். பிளிகான்னா கேன்சரு. கேன்சர் இல்லையாம். ஒங்களுக்குக் கேன்சர் இல்லையாம்."

"எனக்கா?" என்றான். "எனக்குக் கேன்சர்னு யாரு சொன்னா?"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொத நாளே டாக்டர் சொன்னாருண்ணே," என்றாள் ஜெனிதா. "கட்டி இருந்த விதத்தப் பாத்தா அப்டித்தான் இருந்துச்சு. ஒங்களுக்குச் சொல்லிடணும்னுதான் நான் சொன்னேன். அக்கா கால்ல விழாத கொறையா கெஞ்சுனாங்க. அந்தச் சொல்ல இவரு காதுல போட்டுறாதீங்கன்னு. அதனால இந்த வார்டுல யாருமே அத ஒங்க முன்னாடி சொல்லல. இன்னைக்கு இல்லைன்னு ஆனதும், டாக்டர் சந்தோசத்துல ஒடைச்சுச் சொல்லிட்டாரு."

"ஒங்கப்பாவ நெனச்சேன்," என்றாள் தனுஜா. "கேன்சருன்னு பேரக் கேட்டதுமே அவரு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவருதானே. வியாதி கொண்டு போகல, பயந்தான் கொண்டு போச்சுன்னு நீங்கதான சொல்லுவீங்க. ஒங்களுக்கும் அதே மனசு. நான் மட்டும் சுமந்துக்கலாம்னு நெனச்சேன்."

"அப்ப அசேல மாத்தயா? லமயி பேன்னாரே. இன்பெக்சன்னாரே."

ஜெனிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வார்டுக்குள்ள சின்னப் பிள்ளைகளக் கூட்டிட்டு வரக் கூடாதுண்ணே. இன்பெக்சன் வரும்னு. நீங்க யாரையோ கூட்டிட்டு வரக் கேக்குறீங்கன்னு நெனச்சுட்டாரு." சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவன் நிற்க முடியாமல் நிற்பதைக் கண்டு, சுருட்டிய மெத்தையை விரித்து அவனை உட்கார வைத்துவிட்டு, புது விரிப்பு எடுக்கப் போனாள்.

அப்போதுதான் அவனுக்கு நடுக்கம் எடுத்தது. அப்பாவைக் கொண்டு போன அதே வியாதியின் பக்கத்தில் இத்தனை காலம் படுத்துக் கிடந்திருக்கிறான். விறகு தள்ளியிருக்கிறான், திருவிழாவுக்கு என்ன சட்டை எடுக்கலாம் என்று யோசித்திருக்கிறான். பயப்பட வேண்டியதற்குப் பயப்படவே இல்லை. அவன் பங்குப் பயத்தையும் சேர்த்து இன்னொருத்தி பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், பட்டினி கிடந்து, ஈரச் சேலையோடு, இரவெல்லாம் நெற்றியைத் தொட்டுத் தொட்டு. நடுக்கத்தைக் கையால் அழுத்தி நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் மூக்கன் விழித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கேட்காதவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்சம் அடங்கியதும், அவன் மனதில் மிச்சமிருந்த கேள்வி மெல்லத் தலையைத் தூக்கியது. அதைக் கேட்க இப்போதும் பயமாகத்தான் இருந்தது.

"அப்ப, பிள்ளைக விசயம்? அதுக்கு டாக்டரு என்னா சொன்னாரு?"

தனுஜா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. பெரிய குற்றம் செய்து அகப்பட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாதுங்க. அத நான் கேக்கவே இல்ல."

"கேக்கலையா?"

"எத்தனையோ தடவ அந்த ரூமுக்குள்ள போனேன். உசுரு தங்குமா, தங்குமான்னுதான் கேட்டேன். வேற எதுவும் வாயில வரல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கேட்டுருக்கணும். கோவிச்சுக்காதீங்க. வேணும்னா இப்ப ஜெனிதா மிஸ்ஸக் கேட்டுட்டு வரவா?"

"இருக்கட்டும்," என்றான் கஜேந்திரன். "மெதுவாக் கேட்டுக்கலாம். நீ இங்கயே இரு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வார்டு முழுவதும் ஆட்கள், மாமியார்கள், மாமனார்கள், தெரிந்த முகங்கள். அவர்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி வீட்டுக்குள்கூட நாலு பேர் முன்னால் கையைத் தொட்டுக்கொள்வதில்லை. தனுஜா வெட்கப்பட்டுக் கையை இழுத்துப் பார்த்தாள். பார்வையாளர் நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். அவன் விடவில்லை.